டாஷ்போர்டில் ஒரு கோணல் தையல்

கார் சீட் தைப்பேன், கதவுக்குத் தோல் போடுவேன், கூரைத் துணி மாற்றுவேன். டாஷ்போர்டு மட்டும் அண்ணன் வேலை. எங்கள் கடையில் ஒன்பது வருஷமாக அப்படித்தான். "அது ஓட்டுறவன் கண்ணு முன்னாடியே இருக்கிற இடம். ஒரு சுருக்கம் விழுந்தாலும் தினமும் நம்மளத் திட்டிக்கிட்டே ஓட்டுவான்" என்பான். ஏதோ நான் தைத்தால்தான் சுருக்கம் விழும் என்பதுபோல.

ஒரு பல் டாக்டரின் கார் வந்த சமயம் பார்த்து அண்ணனுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. காரோ ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம், அதுவும் சண்டை போடாதவர்களாக இருந்தால். டாஷ்போர்டின் தோல் வெயிலில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. சீட்டின் பழுப்புக்கு அப்படியே பொருந்தும்படிச் சாயம் ஏற்றிய ஒரே ஒரு தோலை ஏழு மாதம் காத்திருந்து வரவழைத்திருந்தார் டாக்டர். இன்னொன்று கிடைக்காது என்று அவரே சொல்லிவிட்டார்.

"நான் பண்றேன்" என்றேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சரி. இது நல்லா வந்துச்சுன்னா இனிமே டாஷ்போர்டு எல்லாம் உன்னோடது. சொதப்பிட்டா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"அண்ணி, கேட்டுக்கிட்டீங்கல்ல? நாளைக்கு இவன் மாத்திப் பேசுவான்" என்றேன். அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார்.

முதல் வேலையாக டாக்டரை ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்து, சீட்டிலிருந்து அவர் கண் எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்தேன். அண்ணன் அப்போது ஃபோம் வாங்கப் போயிருந்தான். "என்னம்மா, கண்ணுக்கும் கவர் தைக்கப் போறீங்களா?" என்று கேட்டார் டாக்டர். குள்ளமான மனிதர். "அசையாம உட்காருங்க டாக்டர்" என்றேன். தன் வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வசனத்தை அவர் கேட்கிற பக்கம் இருந்தார்.

விஷயம் இதுதான். மீட்டர்களுக்கு மேலே தையல் ஒன்று நெடுக ஓடும். டாஷ்போர்டு மேடும் பள்ளமுமான சாமான். டேப் வைத்து நேராகத் தைத்தால், ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது தொய்ந்த கொடிக்கயிறாகத் தெரியும். அவருக்கு நேராகத் தெரிய வேண்டுமென்றால் மேஜையில் அது வளைந்துதான் கிடக்க வேண்டும். அண்ணன் தோளுக்கு வைத்தியம் பார்க்கப் போன நேரத்தில், புது ஃபோம் ஒட்டி, தோல் போடாமலே டாஷ்போர்டைத் திரும்பக் காரில் பொருத்தினேன். டாக்டரின் கண் உயரம் வரும்வரை உடம்பைக் குறுக்கி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே ஒரு நூலை விறைப்பாகப் பிடித்தேன். நூல் மறைக்கிற இடங்களில் எல்லாம் அண்ணி சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே போனார். அந்தப் புள்ளிகள்தான் என் தையல்.

இதை அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அண்ணியையும் சொல்ல விடவில்லை. எந்தப் பசை நல்லது என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போய், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. டீ வேண்டுமா என்பதற்கே அண்ணிதான் தூது. அந்த நிலைமையில் தையலைப் பற்றி நான் போய் விளக்குவேனா? என் கொழுப்பு அப்படி.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், தைத்து முடித்த தோலுக்கு முன்னால் அண்ணன் குனிந்து நிற்கிறான். கையில் தையல் பிரிக்கிற கத்தி. இடது ஓரத்தில் நாலு தையல் போயிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கையை எடு."

இரண்டு நாளில் நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவன் நெளிந்தான். "கோணலா தச்சிருக்க. டாக்டர் வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு பார்த்தேன்."

என்னை மாட்டிவிட இல்லை, காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறான், அதுவும் வலிக்கிற தோளோடு. அதனால் எனக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது. "தையலப் பிரிப்ப. தோல்ல விழுந்த ஊசி ஓட்டையை என்ன பண்ணுவ? இன்னொரு தோல் வச்சிருக்கியா?" என்று கேட்டேன். அவன் முகம் செத்துப்போனது. கத்தியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அந்த நாலு தையலையும் அதே ஓட்டைகளில் ஊசி விட்டுக் கையாலேயே தைத்தேன். முடித்த பிறகு எது எந்திரம், எது கை என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

தோலை இழுத்து ஒட்டி, டாஷ்போர்டைக் காரில் பொருத்திய அன்று சாயங்காலமே டாக்டர் வந்தார். வந்தவர் நேராக ஏறி உட்கார வேண்டியதுதானே? பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, தையல் ஒரு பக்கமா இழுக்குதே" என்றார்.

அண்ணன் தரையைப் பார்த்தான். என் வாய் சும்மா இருக்கவில்லை. "அங்க உட்கார்ந்தா ஓட்டுவீங்க டாக்டர்? இந்தப் பக்கம் வாங்க."

வந்தார். உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தார். தலையைக் கொஞ்சம் தூக்கினார், இறக்கினார், மறுபடியும் தூக்கினார்.

"நான் நிமிர்ந்தா வளையுது. சாதாரணமா உட்கார்ந்தா ஸ்கேல் வச்ச மாதிரி நிக்குது. இது எனக்குன்னே தச்சதா?"

"உங்க கண்ணு அளவுக்கு" என்றேன்.

அளவெடுத்தது நான், தைத்தது அண்ணன் என்று நினைத்தாரோ என்னவோ, என்னைத் தாண்டி அவனைப் பார்த்தார். "உங்க கை தனிதான் மாஸ்டர்."

அண்ணன் ஒரு புன்னகையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"என் கை இல்ல டாக்டர். முழுக்கத் தங்கச்சி வேலை" என்றான். அதோடும் விடவில்லை. "இடது ஓரத்துல நாலு தையல் இருக்கு பாருங்க. கோணல்னு நினைச்சு நான்தான் பிரிச்சேன். அவ திரும்பக் கையால தச்சா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். பல்லில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற மனிதர். "எந்த நாலு?" என்று கேட்டார்.

அவர் இறங்கியதும், நூல் பிடித்துப் புள்ளி வைத்த கதையை அண்ணி சொல்ல, அண்ணன் ஏறினான். ஆறடி ஆள். அவன் கண்ணுக்குத் தையல் தொய்ந்துதான் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கி இறங்கினான். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. பிடித்துக்கொண்ட தோள் கதவில் அமுங்க, முகத்தைச் சுளித்தான். ஆனால் நிறுத்தவில்லை. சரியான உயரத்துக்கு வந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தையலைப் பார்த்தான்.

"நேராதான் இருக்கு" என்றான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அடுத்த டாஷ்போர்டுக்கு நீ உள்ள உட்காரு. நான் வெளிய நின்னு புள்ளி வைக்கிறேன்" என்றான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்க நான் முயலவும் இல்லை.