இஃப்ரா பேர்ல ஒரு காளான்

“எழுதுனவங்களே தன் பேரைக் காளானுக்கு வெச்சா ஊரே சிரிக்கும்மா. அதான் கட்டுரைலேர்ந்து உன்னை எடுத்துட்டேன். காளானுக்கு உன் பேரு, கட்டுரைக்கு என் பேரு. சரிதானே?”

சித்தார்த்தன் சார் இதை டீயை ஊதிக்கினே சொன்னாரு. அடையார்ல ஒரு காலேஜ் லேப். கொல்லிமலைல என்னென்ன காட்டுக் காளான் கீதுன்னு தேடி வகை பிரிக்கிற வேலைக்கு அவர்தான் தலை. இஃப்ரா அவருக்குக் கீழ பிஎச்டி பண்றா. மூணு மழைக்காலம் அட்டைக்கு ரத்தம் குடுத்தவ. அவளுக்குப் பட்டம் வரணும்னா ஆராய்ச்சிக் கட்டுரைல பேரு வரணும். அவ்ளோதான் மேட்டர்.

இந்தக் காளானுக்கு இதுவரைக்கும் உலகத்துல யாரும் பேரே வெக்கல. சாம்பல் குடை, கிள்ளுனா ஊதாவா மாறும், அழுகுன பலாப்பழ நாத்தம். இது கெடைச்ச அன்னிக்கு சார் ஜீப்பை விட்டே எறங்கல. இவதான் சரிவுல உருண்டு போய் எடுத்தா.

“சார், என் பேரை வெக்கச் சொல்லி நான் கேக்கவே இல்லியே! அதை எடுத்துட்டு என்னைக் கட்டுரைல சேருங்க.”

“நீதான் எடுத்தேன்னு எங்கேம்மா எழுதியிருக்கு?”

காஞ்ச காளான் பொட்டலத்தை டேபிள்ல போட்டாரு. மேல ‘சித் 147’.

மாட்டிக்கினா. மலைல எடுக்குற ஒவ்வொண்ணுக்கும் எடுத்தவங்க பேர்லதான் நம்பர் போடணும். ‘டீமுக்கு ஒரே வரிசை போதும், குழப்பம் இருக்காது’ன்னு சார் சொல்லவும், கொட்டுற மழைல இவளே குண்டு குண்டா எழுதுனா, எல்லாத்துக்கும் சித், சித்னு. லூசு!

“கட்டுரை அனுப்பியாச்சும்மா. காளான் பேரை வேணா மாத்தலாம், எழுதுனவங்க பேரை மாத்த முடியாது. உன் பேரு ஓகேன்னா சாயங்காலத்துக்குள்ள மெயில் போடு.”

பஸ் புடிச்சு தி.நகர் வந்தா, அத்தாவோட பட்டன் கடைல ஒரே கூட்டம். சார் காலைலயே போன் போட்டு வாழ்த்திட்டாராம்! எட்டாவது தாண்டாத அத்தா, ஜிப் வாங்க வந்தவங்களுக்கெல்லாம் மைசூர்பா நீட்டிக்கினு நிக்கிறாரு.

“எம் பொண்ணு பேர்ல காளான்யா! நான் செத்தாலும் அது நிக்கும்!”

பக்கத்துக் கடை நாகராஜ் வாயில மைசூர்பாவோட, “காதர் பாய், அந்தக் காளானைத் துன்னா உயிரு போய்டுமா?”

“அதை அவளைக் கட்டிக்கப் போறவன்கிட்ட கேளு!”ன்னாரு அத்தா.

மொத்தக் கடையும் சிரிச்சுது.

“அத்தா, அந்தப் பேரு...”

“இன்னாம்மா?” திரும்பினாரு. கண்ணு ரெண்டும் நனைஞ்சு கெடந்துது. வாழ்க்கைல முதல் தடவையா யாரோ அவரை ‘சார்’னு கூப்ட்டு வாழ்த்தியிருக்காங்க.

இஃப்ரா போனை எடுத்தா. ‘ஓகே சார், தேங்க்ஸ்.’ அனுப்பிட்டா. இனி கட்டுரைல பேரு கேட்டு சண்டை போடவும் வழியில்ல. அத்தா ஊட்டின மைசூர்பாவை வாயைத் தொறந்து வாங்கிக்கினா.

எனக்கு அந்த ‘தேங்க்ஸ்’தாங்க தாங்கல! சொல்லுங்க, அவ அனுப்புனது தப்பா? அத்தா அப்படி நிக்கும்போது நீங்கன்னா இன்னா பண்ணியிருப்பீங்க?