பொம்மைக் காரின் வேகம்

கண்ணாடிக்காரி அன்று கடைக்குப் போகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை; அதனால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரிதான். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடியிருப்போர் கூட்டம். அவளையும் அவளுடைய ரிமோட் காரையும் பற்றித்தான் பேசப்போகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, வண்டி நிறுத்துமிடத்தில் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தாள். முழ நீளம்கூட இருக்காது. தூணைச் சுற்றித் திருப்பியபோது கீழ்வீட்டுப் பாட்டு டீச்சர் குறுக்கே வந்துவிட்டார். கார் கணுக்காலில் மோத, டீச்சர் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. பதறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவளும் கண்ணாடிக்காரிதான். ஆனால் மறுநாள் செயலாளர் கேட்டபோது பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்: "வெறும் பொம்மை சார் அது. மிஞ்சிப்போனா பத்து கிலோமீட்டர் வேகம். அவங்கதான் பார்க்காம வந்துட்டாங்க."

மத்தியானம் வந்த தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "பத்துன்னு எப்படிக்கா தெரியும்? அளந்து பார்த்தியா?"

அளக்கவில்லை. அளக்கப் பயமாக இருந்தது. ஆனாலும் நாற்காலிகளை ஓரங்கட்டினார்கள். சமையலறைச் சுவரிலிருந்து வாசல் கதவு வரை ஒன்பது மீட்டர் இருந்தது. முதல் ஐந்து மீட்டர் கார் வேகம் பிடிக்க. அதற்கப்புறம் மூன்று மீட்டர் இடைவெளியில் தரையில் இரண்டு வெள்ளை டேப் ஒட்டினார்கள். கதவில் தலையணைகளைச் சாத்தி வைத்தார்கள்.

தங்கை போனிலிருந்த ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினாள். முதல் தடவை பாயிண்ட் மூணு செகண்ட். அடுத்து பாயிண்ட் ஆறு. அப்புறம் பாயிண்ட் ஒன்பது.

"பாரு, பாயிண்ட் ஒன்பது! கணக்குப் போட்டா பன்னிரண்டு கிலோமீட்டர்தான் வருது!" கண்ணாடிக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அது என் கட்டைவிரலோட வேகம்க்கா, காரோட வேகம் இல்ல. வீடியோ எடுக்கலாம்."

போனை டேப்புகளுக்கு நடுவே பக்கவாட்டில் நிறுத்தினார்கள். செகண்டுக்கு இருநூற்று நாற்பது படம் எடுக்கும் போன் அது. கார் சீறிக்கொண்டு போய்த் தலையணையில் முட்டியது. முதல் டேப்பைத் தொட்ட படத்திலிருந்து இரண்டாவதைத் தொட்ட படம் வரை கண்ணாடிக்காரி ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். தொண்ணூற்றாறு. மறுபடி ஓட்டினாள், தொண்ணூற்றைந்து. இன்னொரு தடவை, தொண்ணூற்றேழு.

தங்கை காகிதத்தில் கணக்குப் போட்டாள். "பாயிண்ட் நாலு செகண்ட்ல மூணு மீட்டர். அப்படின்னா இருபத்தேழு கிலோமீட்டர். தெருவுல ஸ்கூட்டர் போற வேகம்க்கா."

கடையில் கண்ணாடியின் பவர் கால் பாயிண்ட் தப்பினாலும் மனசு கேட்காமல் மறுபடி பரிசோதிக்கிறவள் கண்ணாடிக்காரி. வீடியோவை அழித்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அழிக்கவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

டீச்சர் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறையில் பாதி கட்டிய இரண்டு அட்டைப்பெட்டிகள்.

"டீச்சர், நான் பத்துன்னு சொன்னது தப்பு. இன்னைக்குத்தான் அளந்தேன். இருபத்தேழு." காகிதத்தை நீட்டினாள். "நீங்க ஒதுங்கியிருக்கவே முடியாது."

டீச்சர் காகிதத்தைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இருபத்தேழா?"

"ஆமா டீச்சர்."

"மெதுவா வந்த பொம்மைக்கே ஒதுங்கத் தெரியலைன்னா இனிமே தனியா இருக்கக் கூடாதுன்னு என் பையன் நாலு நாளா போன்ல பேசறான். இன்னைக்குக் கூட்டிட்டுப் போக வரான். பதினெட்டுப் பிள்ளைங்க எங்கிட்ட பாட்டுக் கத்துக்குது. எல்லாத்தையும் விட்டுட்டுப் போகணும்." குரல் உடைந்தது, உடனே சூடேறியது. "எனக்கே என் காலு மேலயும் கண்ணு மேலயும் நம்பிக்கை போயிடுச்சு. இதை அன்னைக்கே சொல்லியிருந்தா வாயில முத்தா உதிர்ந்திருக்கும் உனக்கு?"

கண்ணாடிக்காரி தலைகுனிந்து நின்றாள்.

கூட்டத்தில் அவளே எழுந்து சொன்னாள். சொன்னதையே இரண்டு தடவை சொன்னாள். செயலாளர் வீடியோவைப் பார்த்துவிட்டு, இனி வளாகத்துக்குள் அந்தக் காரை எடுக்கவே கூடாது என்று முடித்தார். பின்வரிசையில் யாரோ "பொய்க்காரி" என்று முணுமுணுத்தது காதில் விழாமல் இல்லை. டீச்சரின் மகன் போனை வாங்கி வீடியோவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். கட்டுப் பிரிக்கும்வரை அம்மா இங்கேயே இருக்கட்டும் என்றான். அதற்கப்புறம் என்ன என்று அவனும் சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை.

எல்லோரும் கலைந்தபோது டீச்சர் ஒற்றைக் கையால் கலைந்த கொண்டையைச் சரிசெய்யப் பார்த்தார். ஊசி நழுவி விழுந்தது. கண்ணாடிக்காரி அதை எடுத்துக் கொடுத்தாள்.

"கட்டுப் பிரிக்கிறவரைக்கும் தலை வார நான் வரட்டுமா டீச்சர்?"

டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "காலையில ஏழு மணிக்குப் பிள்ளைங்க வந்துடும். அதுக்கு முன்னாடி வா."