போல்ட்டின் மீதிப் பாதி

அன்று உலையின் சுவிட்சைப் போடும்போதே முடிவெடுத்திருந்தேனா, போட்ட பிறகுதான் எடுத்தேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எண்ணூற்று எழுபது டிகிரி வைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

சூலக்கரைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் உலோகச் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எஃகுத் துண்டை அறுத்து, கண்ணாடிபோலத் தேய்த்து, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் பார்த்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். பேச்சு அதிகம் தேவைப்படாத வேலை.

என் கணவர் கதிரவன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் நின்றவர். காலண்டர் சீசனில் ஒருநாள், கத்தியைப் பிடித்திருந்த போல்ட் ஒடிந்து கத்தி இறங்கியது. வலது கையில் நான்கு விரல்கள் போயின. அந்தப் போல்ட்டைச் சூடேற்றிப் பதப்படுத்திக் கொடுத்தது ராஜபாண்டியனின் பட்டறை. விசாரிக்க வந்தவர்களிடம் அவர் சொன்னதை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டேன்.

"கவனமில்லாத பய கையக் கொண்டு உள்ள விட்டா, இரும்பு என்ன செய்யும்?"

போல்ட்டின் ஒடிந்த தலையை எடுத்துவந்து நுண்ணோக்கியில் பார்த்தேன். வெளிறிய ஊசிகளாக நிறைந்து கிடந்தது. எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் அப்படித்தான் இறுகும். கண்ணாடியைப்போல உடையவும் செய்யும். அதை மறுபடி மிதமான சூட்டில் சில மணி நேரம் வைக்க வேண்டும். டெம்பரிங் என்பார்கள். அப்போதுதான் ஊசிகள் மங்கிக் கருத்து, எஃகு தாங்கும் குணம் பெறும். அந்த இரண்டாவது சூட்டை இந்தப் போல்ட் பார்த்ததே இல்லை. ஆனால் அதிகாரிகள் சீல் வைத்து எடுக்காத துண்டு சாட்சியமாகாது என்று விசாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நான்கு வருடம் கழித்து ராஜபாண்டியன் எங்கள் கூடத்துக்கே ஒரு போல்ட்டுடன் வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"கரண்டு எடுக்குற காத்தாடி கம்பெனி ஆர்டரும்மா. நல்ல ரிப்போர்ட்டாக் குடுங்க."

"பாத்து எழுதுதேன், அண்ணாச்சி."

போல்ட்டை இரண்டாக அறுத்து ஒரு பாதியைப் பார்த்தேன். குறையே இல்லை. அவ்வளவு ஒழுங்கான டெம்பரிங்கை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். வெகுநேரம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தப் பாதியை உலையில் வைத்துக் காய்ச்சி எண்ணெயில் போட்டேன். மறுபடி தேய்த்தேன், அமிலம் தடவினேன். ஊசிகள் திரும்பி வந்திருந்தன. 'டெம்பரிங் செய்யப்படவில்லை' என்று எழுதினேன். பார்த்ததைத்தான் எழுதினேன்.

ரிப்போர்ட்டுடன் ஓடிவந்தவரை நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் கதிரவன் சம்சாரம், அண்ணாச்சி. அவுக கையில கத்திய இறக்குன போல்ட்டும் இப்படித்தான் இருந்துச்சு."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான்கு வருடம் காத்திருந்தேன். என்னைச் சந்தேகப்பட்டிருக்கலாம், படவில்லை. போனை எடுத்துப் பட்டறை மேஸ்திரியை அழைத்தார்.

"அந்த உலைக்காரப் பய சுந்தரபாண்டிய நாளைல இருந்து வர வேண்டாம்னு சொல்லு. கவனமில்லாத பய."

மறுநாள் காலையில் சுந்தரபாண்டி எங்கள் கூடத்து வாசலில் நின்றான். மெலிந்த ஆள், முன்கை முழுக்கத் தீக்காயத் தழும்பு. கோபமாக வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"யக்கா, ரெண்டரை மணி நேரம் வச்சேன்க்கா. கடியாரத்துக்கு எதுக்க உக்காந்து, ஒண்ணுக்குக்கூடப் போவல. அந்தப் போல்ட்டுல மிச்சம் கெடந்தா இன்னொருக்கப் பாருங்கக்கா."

மிச்சம் இல்லை என்று சொன்னேன். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனான்.

ராஜபாண்டியன் வேறொரு கூடத்தில் புதுப் போல்ட்டைக் கொடுத்து ரிப்போர்ட் வாங்கினார். ஆர்டர் அவருக்கே கிடைத்தது. சுந்தரபாண்டி எம். புதுப்பட்டியில் பட்டாசுப் பெட்டி லோடு ஏற்றுகிறான். கதிரவன் சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறார். இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிவிட்டார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. நான் அதே மேசையில்தான் வேலை பார்க்கிறேன். போல்ட்டின் மீதிப் பாதி என் இழுப்பறையில், ஒடிந்த தலைக்குப் பக்கத்தில் இருக்கிறது.