தூதுவன் பார்த்தது

கிரேக்க நாடகத்தில் சாவு மேடைக்கு வராது. உள்ளே செத்துப்போவார்கள், பார்த்த தூதுவன் வெளியே ஓடிவந்து, மேடையில் ஊர்ஜனமாக நிற்கும் கூட்டத்திடம் சொல்வான். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் அந்தத் தூதுவனின் வசனத்தை வாசிக்க ஆசைப்பட்டவள் கீலி. ஹேன்ரஹன் மிஸ் அதைக் கூடப்படிக்கும் ப்ளேக்கிடம் கொடுத்துவிட்டார்.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்மா. நீ ஊர்ஜனத்தோட சேர்ந்து வாசி."

பரிதாபம் காட்டுகிறாராம்.

கீலியின் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டில் சிக்கிச் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருடைய கவனக்குறைவு என்று கம்பெனி கைகழுவிவிட்டது. ஆபத்தென்றால் இழுத்து பெல்ட்டை நிறுத்தும் கயிறு பழுதாகிக் கிடந்தது ஊருக்கே தெரியும். ஆனால் பக்கத்தில் நின்றவர் ப்ளேக்கின் அப்பா ஒருவர்தான். நாளை விசாரணையில் அவர் வாயைத் திறந்தால் செத்தவர்மேல் போட்ட பழி நீங்கும்.

ப்ளேக் வாசித்தான். நான் அங்கேதான் இருந்தேன், எதையும் மறைக்கமாட்டேன் என்று தூதுவன் சொல்லும் இடத்தை வேகமாகத் தாண்டினான். அடுத்து ஊர்ஜனம் கேட்க வேண்டும். கீலி முந்திக்கொண்டாள்.

"அந்தக் கயிறு வேலை செஞ்சுதா ப்ளேக்?"



"அது புத்தகத்துல இல்ல கீலி," என்றார் மிஸ்.

"தெரியும் மிஸ். நாளைக்கு அவங்க அப்பா என்ன சொல்லப்போறார்னு கேக்கறேன்."

ப்ளேக் தலையைத் தூக்கவில்லை. "சத்தம் கேட்டுத்தான் திரும்பினாராம். ஒண்ணும் பாக்கலையாம்."

"அடக்கம் முடிஞ்சு எங்க வீட்ல பீர் பாட்டிலக் கையில வச்சுக்கிட்டு அழுதாரே, அப்ப வேற மாதிரி சொன்னார். உங்கப்பன் கயிற இழுத்து இழுத்துப் பாத்தான், பெல்ட் நிக்கவே இல்லன்னார்."

"நாங்க இந்த ஊர்லதான பொழைக்கணும் கீலி."

அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பாதிப் பேரின் அப்பாக்களுக்கு அதே சுரங்கத்தில்தான் வேலை. அத்தனை தலைகளும் புத்தகத்துக்குள் புதைந்திருந்தன. வெட்கங்கெட்ட கூட்டம்.

மிஸ் தொண்டையைச் செருமினார். அவர் கணவருக்கும் அங்கேதான் வேலை.

"சரி, ஊர்ஜனம், அடுத்த பக்கம். எல்லாரும் சேர்ந்து."

வாசித்தார்கள். ஐயோ, இந்த வீட்டுக்கு இப்படியொரு அநியாயமா என்று ஒரே குரலில், ஏற்ற இறக்கத்தோடு, நன்றாகவே புலம்பினார்கள். கீலி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"கீலி, நீயும் ஊர்ஜனம்தானே. வாசி."

அவள் புத்தகத்தை மூடினாள்.

"இனிமே இல்ல மிஸ்."