ஆவுளியாக் குட்டிக்கு வச்ச சேனை

டாக்டர் ஜெபசிங்கைக் கண்ட நாள்ல இருந்தே எனக்குச் சந்தேகம்தான். நாசரேத்துக்காரரு, முப்பது வயசு இருக்கும், வெள்ளைச் சட்டையில ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. மாட்டு டாக்டருக்குப் படிச்சவரு சட்டையில சாணி ஒட்டலைன்னா என்ன அர்த்தம்? வேலை பாக்கலைன்னுதானே அர்த்தம்.

நான் பிலோமினா. தூத்துக்குடி கடற்கரை ரோட்டுல அப்ப ஒரு மிருகக்காட்சிசாலை இருந்துது, அங்கனதான் கூட்டிப் பெருக்குத வேலை. பெரிசுன்னு நினைச்சிராதீய. ஏழு புள்ளிமான், கொஞ்சம் மயிலு, கடலாமைக்குன்னு கட்டின உப்புத்தண்ணித் தொட்டி, அவ்வளவுதான். எழுபத்தஞ்சாம் வருஷம் அந்தத் தொட்டிக்கு ஒரு ஆவுளியாக் குட்டி வந்துது.

ஆவுளியான்னா கடல்பசு. தருவைகுளத்து வலையில தாயும் குட்டியும் மாட்டி, தாய் மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. முன்னாலன்னா ஊரே கூறு போட்டுத் தின்னிருக்கும். நானும் தின்னிருக்கேன், பொய் சொல்லுவானேன். இப்ப சட்டம் வந்துட்டு, இந்த இனமே அத்துப்போவுது, யாரும் தொடப்படாதுன்னு. டாக்டரு லாரியில ஈரச்சாக்கை விரிச்சுக் குட்டியைக் கொண்டாந்து இறக்கினாரு. எங்க ஆளு தொட்டா ஜெயிலு, இவரு தொட்டா சம்பளமா? நல்லாருக்குய்யா நியாயம்!

ஆனா குட்டியைப் பாத்ததும் அந்தக் கோவமெல்லாம் மறந்துபோச்சு. ஒரு ஆள் கை நீளம்கூட இல்லாத வாலு, உப்பின மூஞ்சி, மீசை வேற. தண்ணிக்கு மேல வந்து புஸ்ஸுன்னு மூச்சு விடும், பொறவு முங்கும். தொட்டி கழுவ இறங்கினேன்னா என் விரலைக் கவ்வி உறிஞ்சும். நான் நாலு பெத்தவ. வயிறு நிறையாத பிள்ளை எப்படி உறிஞ்சும்னு எனக்குத் தெரியாதா?

டாக்டரு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பால்மாவைக் கலக்கி ரப்பர் குழாயில ஊட்டுவாரு. எம்புட்டு? ஒரு சின்னத் தம்ளரு. மிச்ச டின்னெல்லாம் அலமாரிக்குள்ள, அலமாரிக்குப் பூட்டு, சாவி அவரு இடுப்புல. "இன்னும் கொஞ்சம் குடுங்க சார்"னா, "மெதுவாத்தான் கூட்டணும்மா, வயிறு தாங்காது"ம்பாரு. தினமும் சாயங்காலம் சைக்கிள்ல மூடி போட்ட ஒரு வாளியைத் தொங்கவிட்டுக்கிட்டுக் கிளம்புதாரு. ஓகோ, பால்மாவு வீட்டுக்குப் போவுதுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு.

ஒருநாள் கேட்டுக்குக் குறுக்க நின்னுட்டேன். "சார், வாளியில என்ன?" காவல்காரன் சிவனாண்டி, "யக்கா, உனக்கு எதுக்கு வம்பு"ன்னு கையைப் பிடிச்சு இழுக்கான். "போலே மூதி"ன்னு உதறிட்டு மூடியைத் திறந்தேன்.

மாதாவே! அந்த ஆவுளியாக் குட்டியோட சாணி.

"பூதக்கண்ணாடியில வச்சுப் பாக்கணும்மா. கிருமி இருக்கான்னு தெரியணும்லா"ன்னாரு டாக்டரு, சிரிப்பை அடக்கிக்கிட்டு. சிவனாண்டி அடக்கவே இல்ல, அந்தப் பயல் உருண்டு உருண்டு சிரிச்சான். மானம் போச்சு. அதுக்காகச் சந்தேகம் போயிருமா? சாணியைப் பாக்கத் தெரிஞ்ச மனுசனுக்குப் பசி பாக்கத் தெரியலையேன்னு இன்னும்தான் எரிச்சல் வந்துது.

அப்பத்தான் எனக்குச் சேனை ஞாபகம் வந்துது. எங்க பக்கம் பிள்ளை பிறந்ததும் கருப்பட்டியைக் கரைச்சு நாக்குல ஒரு சொட்டு வைப்பாங்க. அதுக்குப் பேரு சேனை. அது வைக்காத பிள்ளைக்குப் பால் உடம்புல ஒட்டாதும்பாங்க. இந்தக் குட்டிக்கு யாரு வச்சிருப்பா? தாயில்லாத சீவன்.

டாக்டரு மத்தியானம் சாப்பிடப் போவாரு, சிவனாண்டி வேப்பமரத்தடியில கண்ணசருவான். நான் கருப்பட்டியைக் கரைச்சுக் குட்டி வாயில விரலால வச்சேன். நாக்கைச் சப்புக்கொட்டிக்கிட்டு இன்னும் கேட்டுது. ஒரு சொட்டோட நிறுத்தியிருக்கணும். மறுநாள் ஒரு கரண்டி, அதுக்கு மறுநாள் ஒரு செம்பு. என் காலடிச் சத்தம் கேட்டாலே சுவரோரம் வந்து நிக்கும். அந்தச் சந்தோசத்தை நான் என்னன்னு சொல்ல.

பதினோராம் நாள் குட்டி முங்கலை. வயிறு ஊதி, ஒருச்சாய்ஞ்சு மிதக்குது. முங்கப் பாக்குது, முடியலை, திரும்ப மேல வந்துருது. மூச்சு விடும்போது வலியில முனகுத மாதிரி இருந்துது. நான் நேரா டாக்டர்கிட்டப் போயி, "பட்டினி போட்டே கொன்னுட்டீரே, பாவி"ன்னு கத்திட்டேன். அவரு சட்டையோட தொட்டிக்குள்ள இறங்கி வயித்தைத் தடவிப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

பொறவு சுவரைப் பாத்தாரு. தொட்டி விளிம்புல எறும்பு, சாரை சாரையா.

"உப்புத்தண்ணித் தொட்டிக்கு எறும்பு எதுக்கு வருது?" எறும்பு மொய்ச்ச இடத்தைத் தொட்டு நக்கிப் பாத்தாரு. "கருப்பட்டி. ஏலே சிவனாண்டி, இங்கன வா."

சிவனாண்டி கருப்பட்டிக் காப்பி போட ஒரு சில்லு எப்பவும் வச்சிருப்பான். அவன் முகம் வெளுத்துப்போச்சு. "சத்தியமா நான் இல்ல சார். பிள்ளைகுட்டிக்காரன் சார்."

"உன்னை வேலையை விட்டுத் தூக்கணும்னு கேக்கலைடே. கிருமியா இருந்தா ஊசி போட்டாப் பிழைக்கும். இனிப்புப் புளிச்சு ஊதியிருந்தா அதே ஊசி கொன்னுரும். கிருமி எதுவும் நான் பாக்கலை. வயித்துக்குள்ள என்ன போச்சு, எம்புட்டுப் போச்சுன்னு தெரியணும். இந்தக் கடல்ல இதுமாதிரி இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கோ தெரியலை. சொல்லுடே."

சிவனாண்டி அழுதான். டாக்டரு அவனை நம்பலை. ஆனா யாரும் ஒத்துக்கலை, இனியும் காத்திருந்தா குட்டி போயிரும்னு ஊசிப் பெட்டியைத் திறந்துட்டாரு. என்னை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கலை. நான் வாயை மூடிக்கிட்டு நின்னா அந்தப் பழி அவனோட போயிரும். ஒரு நிமிசம் அப்படித்தான் நின்னேன், வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன்.

"நான்தான் சார். பதினோரு நாளா. நேத்து ஒரு செம்பு முழுசா."

டாக்டரு ஏசியிருந்தாக்கூட எனக்குத் தேவலை. பெட்டியை மூடினாரு. "பால் வேண்டாம். கொதிச்சு ஆறின தண்ணியில மருந்து கலந்து தாரேன். உங்ககிட்டத்தான் அது வரும், நீங்களே குடுங்க"ன்னு குழாயை என் கையில குடுத்தாரு.

இறங்கினேன். என் காலடி கேட்டதும் அந்த வயித்தையும் தூக்கிக்கிட்டு எப்படியோ என்கிட்ட வந்துது. குழாயை வாயில வச்சேன். ஒரு மடக்கு இழுத்துது. கசப்பு. துப்பிட்டு என் விரலை மோந்துது, மறு கையை மோந்துது, பொறவு என்னை விட்டு விலகி அந்த மூலைக்குப் போயிட்டு. "வாம்மா, கண்ணுல்லா"ன்னு கூப்பிட்டேன். கிட்டப் போனேன், தள்ளிப் போச்சு. இன்னொருதரம் போனேன், வாலைச் சொடுக்கித் தண்ணியை என் மூஞ்சியில அடிச்சுது. ஏமாத்துக்காரியைப் பாக்குத மாதிரி பாத்துது என்னை. நல்லா வேணும் எனக்கு.

"நீங்க குடுத்துப் பாருங்க சார்"னு குழாயை அவருகிட்ட நீட்டிட்டேன்.

அவரு குட்டி பக்கத்துல போகவே இல்ல. தண்ணிக்கு மேல தலை மட்டும் தெரிய அசையாம இருந்தாரு, சட்டையெல்லாம் பாசி. வெகுநேரம் கழிச்சு அதுவே வந்துது. மோந்து பாத்துது. கவ்விக்கிட்டு ஒவ்வொரு மடக்கா இழுக்க ஆரம்பிச்சுது.

"குடிக்குது யக்கா"ன்னான் சிவனாண்டி, சத்தம் வராம.

எனக்குச் சந்தோசமும் அழுகையும் ஒண்ணா வந்துது. என் சத்தம் கேட்டு அது குடிக்கதை நிறுத்திருமோன்னு பயந்து, முந்தியை வாயில பொத்திக்கிட்டுச் சுவர் ஏறி வெளியே வந்துட்டேன்.