பர்னபாசின் தகரக்கூரை

தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் தகரக்கூரை வேய்ந்த வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது பர்னபாசுடையது. யுத்தம் தொடங்கிய ஆண்டில் கொழும்பிலிருந்து தோணியில் வந்த தகரம் அது. அதைக் கூரையில் ஏற்றிய நாள் முதலாக, இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓலை மாற்றும் எதிர்வீட்டு ஜேசுபாதத்தை நகையாட அவர் தவறியதேயில்லை.

"என்னலே, இந்த வருசமும் ஓலை கட்டுதியா? எங்கூரை பேரப்பிள்ளை காலத்துக்கும் நிக்கும்லே!"

அத்தகைய கூரை நான்கே ஆண்டுகளில் சல்லடையாயிற்று. யுத்த காலமாதலால் மாற்றுத் தகரம் எங்கும் அகப்படவில்லை. கார்த்திகை முதல் ஞாயிறன்றோ, மகள் மெட்டில்டாவின் நிச்சயத்துக்குப் பெரியதாழையிலிருந்து சம்பந்தி மனுவேல் வருவதாக இருந்தது. வீட்டின் சிறப்பைக் கேட்டே அவர் சம்மதித்திருந்தார். பர்னபாஸ் ஓட்டைகளைச் சாக்கும் தாரும் கொண்டு அடைத்தார். ஆயினும் அவருடைய பெருமையை வானம் அறிந்திருக்கவில்லை. குறித்த நாளில், குறித்த நேரத்தில், மழை பெய்தது.

விருந்தினர் அமர்ந்த இடமெல்லாம் ஒழுகியது. எவரும் வினவாமலேயே பர்னபாஸ் விளக்கம் கூறலானார்.

"மழை பெய்யுத ஊர்ல எந்தக் கூரையும் சீக்கிரம் கெட்டுப்போவும், சம்மந்தி. ஈரந்தான் இரும்புக்குச் சத்துரு. கூரையக் குத்தஞ்சொல்லப்பிடாது."

மனுவேலின் காப்பியில் மூன்று துளிகள் விழுந்திருந்தன. ஒரு வாய் பருகி முகம் சுளித்தார். அடுத்த துளியை விரலில் ஏந்தி நாவில் வைத்தார். அவரோ முப்பதாண்டுகளாகக் கருவாட்டு வியாபாரி.

"ஏன் சம்மந்தி, மேல சாளைக் கருவாடு காயப்போடுதியளோ?"

அடுக்களை வாயிலிலிருந்து பர்னபாசின் மனைவி ஆக்னஸ் கூறினாள்:

"மணல்ல ரெண்டு நாளாவும், தகரத்துல ஒரே நாள்ல காஞ்சிரும்னு இவுகதான் போடச் சொன்னாவ. நாலு வருசமா அங்கனதான்."

"வானத்துத் தண்ணி உப்புக் கரிக்காது, சம்மந்தி. தகரத்துக்கு உப்பத் தின்னக் குடுத்துட்டு மழைமேல பழி போடுதியளே!" என்றார் மனுவேல்.

அப்பொழுது தார் பூசிய சாக்கு ஒன்று நெகிழ்ந்து, நிச்சயத் தட்டின்மீதே விழுந்தது. மனுவேல் எழுந்தார்.

"நனையாத இடம் ஒண்ணு பாருங்க. இல்லன்னா எங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாவுது."

தெருவில் நனையாத வீடு எதிரிலேயே தெரிந்தது. பர்னபாஸ் நனைந்துகொண்டே சென்று ஜேசுபாதத்தின் கதவைத் தட்டினார்.

"வாங்க அண்ணாச்சி," என்றான் ஜேசுபாதம், வழி விலகி. "பேரப்பிள்ளை காலம் அதுக்குள்ள வந்துட்டா?"

ஓலைக்கூரையின் கீழ் நிச்சயம் இனிதே நிறைவேறியது. அந்நேரம் முழுவதும் பர்னபாஸ் அண்ணாந்து நோக்கியபடியே இருந்தார். ஒரு துளியேனும் ஒழுகாதா என்று.