ஏரி கடைசியாக உறைந்த வருடம்

கடைசிக் கல்லை எங்கள் அணித் தலைவி மோராக் உயிரைக் கொடுத்துத் தள்ளினாள். அது வளையத்தின் நடுவுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டு ஓடிய என் பிரஷ் அதன்மேல் இடித்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. ஆனால் பனிமேல் கல்லைச் சறுக்கிவிடும் இந்தக் கர்லிங் ஆட்டத்தில் இடித்தவனே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். கையைத் தூக்கினேன். ஆட்டம் போயிற்று.

"ஏன்டா ஆலிக், அடுத்த வருஷம் உள்ள உக்காந்து டீ போடு. அதையாவது இடிக்காம போடுறியான்னு பாப்போம்" என்றாள் மோராக்.

ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு விஸ்கி வாங்கித் தருவது இன்வர்டாரி மன்றம் தொடங்கிய நாளிலிருந்து உள்ள வழக்கம். அப்படித்தான் எதிரணித் தலைவர் கில்கிறிஸ்ட் என்னிடம் மாட்டினார். எண்பது வயது. என் தம்பி செத்ததிலிருந்து அவர் என்னோடு தனியாக உட்கார்ந்ததே இல்லை.

மன்றத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னுடையது. கூட்டத்தில் தூங்கிவிடுகிறவனுக்குத்தான் இப்படிப்பட்ட பதவிகள் கிடைக்கும். நூற்றைம்பது வருடத்தையும் எழுதிவிட்டேன், ஏரி கடைசியாக உறைந்த வருடத்தைத் தவிர. அந்த வருடம் ஏரிமேல் நடந்த ஆட்டத்தில்தான் என் தம்பி ரோரி பனி உடைந்து மூழ்கினான். குடிபோதையில் தானாக நடந்து போனான் என்பது ஊர்ப்பேச்சு. அவன் மகளும் அதைக் கேட்டேதான் வளர்ந்தாள். அச்சிலும் ஏறிவிட்டால் அப்புறம் அவன் அவ்வளவுதான்.

"ரோரி அன்னிக்குக் குடிச்சிருந்தானா?" என்று கேட்டேன்.

"குடிடா, ஆறிடப் போகுது."

"விஸ்கி ஆறாது. சொல்லுங்க."

"அன்னிக்கு எல்லாரும்தான் குடிச்சோம்."

"நான் கரையில வாந்தி எடுத்தேன், அதை எழுதியாச்சு. நான் கேக்கறது ரோரியைப் பத்தி."

கில்கிறிஸ்ட் கதவைப் பார்த்தார். மோராக் அங்கே யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"புத்தகம் அச்சுக்குப் போகப் போகுது. போதையில போனான்னு எழுதட்டுமா? நீங்க தலையாட்டினா எழுதிடறேன்."

தம்ளரை மேசையில் வைத்தார். அவர் கை அதை விடவில்லை.

"எழுதாத. அவன் ஒரு சொட்டுகூடக் குடிக்கல. என் கல்லு ஆட்ட எல்லையைத் தாண்டி ஏரி நடுவுக்கு ஓடிப்போச்சு. எங்கப்பாவோட கல்லு. போய் எடுத்துட்டு வாடான்னேன். அந்தப் பக்கம் பனி தாங்குமான்னு கேட்டான். துளை போட்டுப் பாத்தாச்சு, போடான்னேன். நான் துளை போட்டுப் பாக்கவே இல்லடா, ஆலிக்."